‘விடு மச்சி, சீன் போடாத’

ஓசூர் சிப்காட் பக்கத்து மெஸ் ஒன்றில் ஷிஃப்ட் முடிந்த நான்கு பேர் உட்காருகிறார்கள். சாம்பார் ஊசிப்போயிருக்கிறது. ஒருவன் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவன் சொல்கிறான்: “விடு மச்சி, சீன் போடாத.” புகார் அங்கேயே செத்துப்போகிறது.

அதே ஆள் மேனேஜரோடு வந்திருந்தால் “பரவால்ல சார், நல்லாத்தான் இருக்கு” என்பான். காதலியோடு வந்திருந்தால் டேபிளைத் தட்டுவான். யாரிடம்? சமைக்காத, கடைக்கும் சொந்தக்காரன் இல்லாத, தட்டு தூக்கும் வடமாநிலப் பையனிடம். மௌனத்துக்கு நாகரிகம் என்று பெயர். கத்தலுக்குக் கெத்து என்று பெயர். இரண்டுமே பக்கத்து நாற்காலிக்காகப் போடும் வேஷம்தான். கல்லாவில் இருப்பவருக்கு இரண்டாலும் நஷ்டமில்லை.

கூட இருப்பவர்களில் இரண்டு வகை உண்டு: நம்மை வேடிக்கை பார்ப்பவர்கள், நம்மோடு அதே சோற்றைத் தின்றவர்கள். முதல் வகைக்கு முன்னால் நாம் நடிக்கிறோம். இரண்டாம் வகையோடு சேர்ந்தால்தான் பேசுகிறோம்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களின் விடுதியில் கெட்டுப்போன உணவால் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அந்தப் பெண்களைப் பார்த்து ‘சீன் போடாத’ என்று யார் சொல்ல முடியும்?

“அவங்க ஆயிரக்கணக்குல இருந்தாங்க, நாங்க ஒரு ரூமுக்கு நாலு பேரு” என்பீர்கள். நாலு பேர் போதும். ஓசூர் பிஜிக்களில் தண்ணீர் வராததைப் பற்றி வாட்ஸப்பில் நாலு பேருமே புலம்புகிறார்கள். ஓனரிடம் போகச் சொன்னால் அட்வான்ஸ் போய்விடுமே என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரே குறையுள்ள பலருக்காகச் சிலர் ஆணையத்தின் அனுமதியோடு வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வசிக்கும் ஊரில் மட்டுமல்ல, வேலை பார்க்கும் ஊரிலும் போடலாம். அத்திப்பள்ளியில் தங்கி ஓசூரில் வேலை பார்ப்பவருக்கும் கிருஷ்ணகிரி ஆணையத்தின் கதவு திறந்தேதான் இருக்கிறது.

சட்டம் நம்மைக் கூட்டாக வரச் சொல்கிறது. நம்மைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது “விடு மச்சி”தான். அதைச் சொல்பவன் நண்பன் இல்லை. ஓனருக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பவன்.