வாரண்டி வாங்கினால் போதுமா?



ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மூட்டைக்குள் கையை விட்டு அடிப்பருப்பை அள்ளிப் பார்க்கிறோம். இரண்டு பருப்பை வாயில் போட்டு மென்று பார்க்கிறோம். எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் எடுக்கிறோம். இத்தனை உஷாரான நாம், ஐந்து லட்சம் ஆறு லட்சம் கொடுத்து லோடு வண்டி வாங்கும்போது, டீலர் நீட்டும் காகிதங்களில் எத்தனை கையெழுத்துப் போட்டோம் என்றுகூட எண்ணுவதில்லை. அந்தக் காகிதங்களில் ஒன்றுதான் கூடுதல் வாரண்டி. எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று சொல்கிறார்கள். லோடு வண்டிக்கு மட்டுமல்ல, ஜெனரேட்டர், ஃப்ரீசர், எலக்ட்ரானிக் தராசு எல்லாவற்றுக்கும் இப்போது இது வந்துவிட்டது. இதைப் பற்றி நான் பட்டதையும் படித்ததையும் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

கனகம்மாசத்திரத்தில் மொத்த வியாபாரம் செய்கிற எனக்கு வண்டி இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. செங்குன்றத்திலிருந்து அரிசி வர வேண்டும். சித்தூர்ப் பக்கமிருந்து வெல்லம் வர வேண்டும். திருவாலங்காடு, திருத்தணி, எல்லை தாண்டி நகரி வரை கடைகளுக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய சரக்கு வண்டி வாங்கினேன். கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு மேலும் இரண்டு ஆண்டுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி 11,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். போகட்டும், இனி என்ஜினைப் பற்றிக் கவலை இல்லை என்று நானும் கொடுத்தேன்.

கம்பெனி வாரண்டி முடிந்து நான்காவது மாதம், ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போது வண்டி சாலையில் நின்றுவிட்டது. திருத்தணிக்குக் காவடி போகிற நேரம். அந்த வாரம் நம் பகுதிக் கடைகளுக்கு எவ்வளவு சரக்கு தேவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் டீலர் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பிரித்துப் பார்த்துவிட்டு 68,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நான் வாரண்டிக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவர்கள் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டார்கள். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

அந்த சர்வீஸை நான் செய்யாமல் விடவில்லை. அது பொங்கல் வியாபார நேரம். டீலரிடம் கேட்டதற்குப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அதனால் நம் ஊர் மெக்கானிக்கிடமே விட்டேன். கம்பெனி சொன்ன அதே ஆயிலும் பில்டரும் வாங்கிக் கொடுத்துத்தான் மாற்றினேன். ஆனால் பில் வாங்கவில்லை. தெரிந்த கடை என்பதால் ஒரு துண்டுச் சீட்டில் கூட்டிப்போட்டுக் கொடுத்தார். அதையும் அன்றே தொலைத்துவிட்டேன். “ஆயில் மாற்றியதற்கு ஆதாரம் என்னங்க ஐயா?” என்று அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. கட்டிய 11,000 ரூபாயும் போயிற்று, 68,000 ரூபாயும் கைவிட்டுப் போயிற்று. திருவிழா முடியும் வரை வாடகை வண்டிக்குக் கொடுத்தது தனி.

அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஆறிய பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர்கள் வைத்திருப்பது ஒரு நிபந்தனை அல்ல, இரண்டு நிபந்தனை. குறித்த காலத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அதை எங்கள் ஒர்க்‌ஷாப்பில்தான் செய்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுவதால் நாமும் ஒன்றாகவே படித்துவிடுகிறோம். பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் நிபந்தனை நியாயமானது. டீசல் என்ஜினில் ஆயில் நாள்பட நாள்படக் கரிபிடித்துத் தன் வழவழப்பை இழக்கிறது. பில்டர் அடைத்துக்கொண்டால் அழுக்கு ஆயில் வடிகட்டப்படாமலே பேரிங்குக்குப் போகிறது. அதனால்தான் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், ‘எது முதலில் வருகிறதோ அது’ என்று எழுதுகிறார்கள். இந்த நான்கு சொல்லில்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். கடை ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது மின்வெட்டு குறைந்துவிட்டதால் அது ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம்கூட ஓடுவதில்லை. ஓடவே இல்லையே, எதற்கு சர்வீஸ் என்று விட்டுவிடுகிறோம். மீட்டரில் மணி ஏறாவிட்டாலும் காலண்டரில் மாதம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. சும்மா கிடக்கும் ஆயிலிலும் ஈரம் சேரும், அதுவும் கெடும்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காட்டில் படகு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். படகின் பின்னால் மாட்டுகிற என்ஜினுக்குப் பல கம்பெனிகள் முதல் 20 மணி நேரத்தில் ஒரு சர்வீஸ், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு சர்வீஸ் என்று வைத்திருக்கின்றன. உப்புத் தண்ணீரில் ஓடிய என்ஜினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பதும் உண்டு. தொழிலுக்கு ஓட்டும் படகு என்றால் வாரண்டி காலத்தையே குறைத்துவிடும் கம்பெனிகளும் உண்டு. மீன்பாடு நன்றாக இருக்கும் நாளில் என்ஜினைக் கழற்றி டீலரிடம் எடுத்துப் போக யாருக்கு மனம் வரும்? நமக்குப் பொங்கல் எப்படியோ அவர்களுக்கு அந்த நாட்கள் அப்படி.

இரண்டாவது நிபந்தனைக்கு வருவோம். எங்களிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், வெளியில் கை வைத்தால் வாரண்டியே ரத்து என்பது நியாயமா? நியாயம் இல்லை என்று நம் நாட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீது சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது முக்கியமான குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளி வேலையின் குறையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவில் சொன்னார்கள். கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. 2016ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகளின் அபராதத்தைக் குறைத்தது; ஆனால் அவர்கள் செய்தது தவறு என்ற முடிவை மாற்றவில்லை.

அமெரிக்காவில் இதற்கு 1975லேயே சட்டம் வந்துவிட்டது. இன்னாருடைய பாகத்தையோ சர்வீஸையோதான் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டியில் கட்டிப்போடுவதானால், அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. 2022ல் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனி மீதும், ஒரு ஜெனரேட்டர் கம்பெனி மீதும் இந்த விஷயத்துக்காகவே அந்நாட்டு அரசு நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று நம் மத்திய அரசும் பழுது பார்க்கும் உரிமை என்ற பெயரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வாகனம், விவசாயக் கருவி, வீட்டு சாதனம் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அமெரிக்காவில் இருப்பது போன்ற தனிச் சட்டம் நமக்கு இன்னும் இல்லை. 2014 உத்தரவும் கார் கம்பெனிகளுக்குப் போட்டது. லோடு வண்டிக்கோ ஜெனரேட்டருக்கோ அதை நேராக நீட்ட முடியாது. நியாயத்தைக் கேட்க அது ஒரு துணை, அவ்வளவுதான்.

நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டம் சொல்கிறது. இதற்கு விலக்கு உண்டு. சுய தொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியிருந்தால் அவர் நுகர்வோர்தான். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட வழக்கில் 1995ல் சுப்ரீம் கோர்ட் இதை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ லாரியோ வாங்கியவர் நுகர்வோர், ஒருவர் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது, முழுக்க வேறு ஆள் ஓட்டுவதற்கென்றே வாங்கினால் நுகர்வோர் அல்ல என்றார்கள். ஆகவே மகனோடு சேர்ந்து கடை நடத்தி, தானே வண்டி ஓட்டும் மளிகைக்காரருக்கு வழி இருக்கிறது. நாலு வண்டி, நாலு டிரைவர் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்குக் கஷ்டம். வழி உள்ளவர்கள் 1915 என்ற எண்ணுக்கு முதலில் போன் செய்யலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்தான். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எனக்குக் கூடுதல் வாரண்டியின் விலை 11,000 ரூபாய் என்று நினைத்தேன். டீலரிடம் ஒரு சர்வீஸுக்கு வெளியை விட 1,500 ரூபாய் கூடுதலாக ஆகிறது. ஆண்டுக்கு நான்கு வீதம் இரண்டு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆக உண்மையான விலை 23,000 ரூபாய். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் எட்டு நாள் வியாபாரத்தை இதில் சேர்க்கவில்லை. கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, பெல்ட் போன்று தேய்கிற சாமான்கள் பெரும்பாலும் வாரண்டியில் வராது. ஓவர்லோடு ஏற்றினார்கள் என்றாலும் கொடுக்க மாட்டார்கள். வண்டி நின்றதால் வியாபாரம் போன நஷ்டத்தை யாரும் தரப்போவதில்லை. இத்தனையும் தெரிந்து, சர்வீஸ் தேதியைத் தவறாமல் காப்பாற்றுவேன் என்கிறவர் வாங்கட்டும். அவருக்கு அது நல்ல பாதுகாப்புதான். முடியாதென்று தோன்றுகிறவர் அந்தப் பணத்தை வண்டிச் செலவுக்கென்று தனியாக வங்கியில் போட்டு வைப்பது மேல்.

வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் தேதிக்கும் கிலோமீட்டருக்கும் முன்பின் எவ்வளவு சலுகை? எந்தெந்தப் பாகம் வராது? நாம் கேட்ட தேதிக்கு அவர்களால் இடம் தர முடியாவிட்டால் வெளியில் செய்துகொள்ள அனுமதிக் கடிதம் தருவார்களா? இந்த மூன்றாவதைக் கேட்காமல் விட்டதுதான் என் தவறு.

இதைத் தனித்தனியாகக் கேட்டால் டீலர் சிரிப்பார். சங்கம் கேட்டால் யோசிப்பார். சங்கத்தின் சார்பில் டீலர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன? பொங்கல், ஆடிக் கிருத்திகை, திருப்படித் திருவிழா காலங்களில் பதினைந்து நாள் சலுகை கேட்போம். மாதம் ஒரு நாள் நம் ஊரிலேயே சர்வீஸ் முகாம் போடச் சொல்வோம். நம் ஊர் மெக்கானிக்குகளிடமும் பேசி, தேதி, கிலோமீட்டர், ஆயில் பெயர் எழுதி முறையான பில் கொடுக்கும் பழக்கத்தைக் கொண்டுவருவோம். அவர்கள் பிழைப்புக்கும் அது நல்லது. நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. போன மாதம் ஒரு அம்மா எல்.இ.டி. பல்பைக் கொண்டுவந்து, வாங்கி நாலு மாதம்தான் ஆச்சு, எரியவில்லை என்றார். “பில் இருக்காம்மா?” என்று என் கடைப் பையன் கேட்டான். “நீங்க எங்கே பில் கொடுத்தீங்க?” என்றார் அவர். எனக்குச் சுருக்கென்றது. பில் கொடுக்காமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். பல்பை மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வாரண்டி உள்ள எந்தப் பொருளுக்கும் தேதி போட்டுப் பில் கொடுக்காமல் அனுப்புவதில்லை. டீலரிடம் நாம் கேட்கிற நியாயத்தை நம் வாடிக்கையாளருக்கு நாம் முதலில் செய்வோம்.