வண்டிக்கும் தவணை உண்டு

சென்ற திங்கள் இப்பகுதியில் தையல் இயந்திரத்தைப் பேணும் முறைபற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த நிலக்கரிச் சுரங்கப் பகுதி அன்பர் ஒருவர், ஓய்வு பெறுங்கால் கிடைக்கும் தொகையில் பழைய பொலேரோ ஒன்றை வாங்கி மகனுக்குப் பிழைப்பு ஏற்படுத்தலாமா, அவ்வகை வண்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்று வினவியுள்ளார். சுரங்கங்களிலும் அணைக்கட்டு வேலையிடங்களிலும் மலையூர்களிலும் வாழும் நம்மவர் பலருக்கும் இவ்வினா பொருந்துமாதலின், இம்மாதம் அதற்கே விடை கூற எண்ணினோம்.

கரடுமுரடான பாதைக்கென்று செய்த வண்டி கவனிப்பின்றியே நெடுநாள் ஓடும் என்னும் எண்ணம் நம்மிடையே பரவியுள்ளது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காக 1941 முதல் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஜீப்பிலிருந்தே இவ்வெண்ணம் தோன்றியது எனலாம். 1945இல் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளைத் தருவித்துப் பம்பாயில் பூட்டி விற்றது. ஜபல்பூர் இராணுவ வாகனத் தொழிற்சாலையின் ஜோங்கா 1969இலும், மாருதி ஜிப்ஸி 1985இலும், பொலேரோ 2000இலும் வந்தன. இவற்றுள் முதிர்ந்த வண்டிகள் இன்றும் ஓடக் காண்கிறோம். அடியில் ஏணி போன்ற தனிச் சட்டம், அதன்மேல் கூடு என்று எளிமையாக அமைந்திருப்பதால், தேய்ந்த உறுப்பைமட்டும் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் மாற்றலாம் என்பது வேறு. தேயாது என்பது வேறு.

நாம் ஊழியம் செய்யும் ரயில்வேயில் ஒரு நல்வழக்கம் உண்டு. பயணிகள் பெட்டியின் கடைப்புறத்தைப் பார்த்தால், அது எந்தப் பணிமனையில் எப்போது முழுப் பராமரிப்புப் பெற்றது, மறுபடி எந்நாளில் அங்குத் திரும்பவேண்டும் என்பன வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். பெட்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று எவரும் நாளைத் தள்ளுவதில்லை. இந்த முறையையே நம் வண்டிக்கும் கொள்ளவேண்டும். பழுது வந்தபின் செல்வது வைத்தியம்; நாள் வந்ததும் செல்வது பேணல். இரண்டாவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

புழுதிப் பாதையில் ஓடும் வண்டிக்கு முதற்பகை தூசி. ஏர் பில்ட்டர் பழுதானால் நுண்மணல் எஞ்சினுள் புகுந்து சிலிண்டரை அராவிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை அதனைத் திறந்து பார்ப்பது நலம். சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் நீண்ட தண்டின் மூட்டுகளிற் கிரீஸ் நிப்பிள்கள் இருப்பின், பழைய கிரீஸ் வெளிவருமளவும் புதியதை ஏற்றவேண்டும். பின்புற ஸ்பிரிங் பட்டைகளைப் பிணிக்கும் போல்ட்டுகள் மேடுபள்ளத்தில் தளரும்; அவற்றையும் தவணைதோறும் முடுக்குதல் வேண்டும்.

இரண்டாம் பகை நீர். ஓடிச் சூடேறிய ஆக்ஸில் ஆற்று நீரில் இறங்கியவுடன் குளிரும். உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, சீல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆழமாக நீரிறங்கிய பின்னர் கியர் ஆயிலைச் சிறிது எடுத்துப் பார்க்கவும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என அறிந்து உடனே மாற்றவேண்டும். சட்டத்தின் உட்புறம் தங்கிய சேற்றையும் கழுவிவிட வேண்டும். ஈரச்சேறு இரும்பை மெல்லத் தின்றுவிடும்.

நான்கு சக்கரங்களையும் இழுக்கச் செய்யும் கியர் உள்ள ஜிப்ஸி, தார் போன்ற வண்டிகளில், அதனை உலர்ந்த தார்ச்சாலையில் பூட்டி ஓட்டலாகாது. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட மிகுதூரம் செல்ல வேண்டும். இரண்டும் பிணைக்கப்பட்டிருப்பதால் முறுக்கேறிப் பற்சக்கரங்களும் டயர்களும் கெடும். சேறு, மணல், வழுக்குப் பாதை இவற்றுக்கே அது உரியது. நான்கு டயர்களும் ஒரே அளவினவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானம் உடையனவாகவும் இருத்தல் வேண்டும்.

இனி, வாங்குவது பற்றி. மேற்கூட்டின் வண்ணத்தைக் கண்டு மயங்காது, அடியிற் குனிந்து சட்டத்தைப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் பொருக்கு உதிரும் சட்டமாயின் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். எஞ்சினைச் செப்பனிடலாம்; அரிக்கப்பட்ட சட்டம் உயிருக்கே ஊறு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கிப் பார்க்கவேண்டும். சேசிஸ் எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுக. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். பின்னர் 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கவேண்டும். வாடகைக்கு ஓட்டத் தனியார் பதிவு போதாது. வேறு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைத்திருப்பதாயின் அங்கு மறுபதிவு செய்யவேண்டும். ஊருக்கு மாறிச் செல்லும் நம்மவர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

அன்பருக்கு நாம் கூறுவது இதுவே: கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். பணி ஓய்வுத் தொகை மறுமுறை வருவதன்று. அதில் ஒரு பகுதியை வைப்பில் நிறுத்திவிட்டு, மிச்சத்தில் அடங்கும் வண்டியையே தேடுங்கள். வாங்கிய பின் ஓடும் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வீதம் ஒதுக்கினால், மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 4,000 ரூபாய் சேரும். டயருக்கும் கிளட்ச்சுக்கும் அப்பொழுது கடன் தேட வேண்டுவதில்லை.

அத்துடன் ஒரு சிறு நோட்டும் வேண்டும். எண்ணெய் மாற்றிய நாள், கிரீஸ் இட்ட நாள், அடுத்த தவணை ஆகிய மூன்றையும் அதில் எழுதுக. வீட்டுக் கணக்கு எழுதுவோரே இதனையும் எழுதலாம். ஓட்டுபவருக்கு அன்றாட அலைச்சலில் நாள் மறந்துபோகும், நோட்டு மறவாது. பிற்காலத்தில் வண்டியை விற்க நேரினும், அந்த நோட்டே அதற்கு நல்ல விலையைப் பெற்றுத் தரும்.