பேராசிரியர் எந்தக் கல்லூரியில் இருந்தார்?

ஓய்வுபெற்ற பொறியியல் கல்லூரி முதல்வர் ஒருவர் சென்ற இதழில் மாணவர்களைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். பாடம் நடத்துவது சரியில்லை என்று புலம்புகிறவன் முதலில் வகுப்புக்கு ஒழுங்காக வரட்டும் என்கிறார். இது ஒரு பதிலா? மாணவன் வராதது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். பேராசிரியர் வந்தாரா?

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 பேர், ஒரே கல்வியாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் தானும் சரிபார்த்துவிட்டு, 189 பேரைக் கொண்டு ஏறத்தாழ 2,000 இடங்கள் நிரப்பப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. சராசரியாக ஆளுக்குப் பத்து இடம்! கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை திருமூலரோடு போயிற்று என்றல்லவா நினைத்திருந்தோம். இந்த வித்தை அந்த 189 பேரின் சாமர்த்தியம் மட்டும் இல்லை. கணக்குக் காட்டிய நிர்வாகங்களும், அதைப் பார்த்துத் தலையாட்டி இணைப்பு வழங்கிய ஆய்வுக் குழுக்களும் கூட்டாளிகள்தாம்.

வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மாணவன் மருத்துவச் சான்றிதழும் கையுமாக முதல்வர் அறை வாசலில் நிற்க வேண்டும். பத்துக் கல்லூரியில் பெயர் வைத்திருந்தவர் எந்த வாசலில் நின்றார் என்பதை முதல்வர் ஐயா எழுதவில்லை.

ஆசிரியர்கள் தியாகிகள் என்று ஓரிடத்தில் உருகுகிறார். அரசு கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களைப் பொறுத்தவரை நானும் ஒப்புக்கொள்கிறேன். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-லேயே சொல்லிவிட்டது. இங்கே தருவது 25,000, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். பெயரில் இருக்கிற கௌரவம் சம்பளத்தில் இல்லை. தியாகம் அவர்கள் விரும்பிச் செய்ததும் இல்லை, அவர்கள் தலையில் கட்டியது. இதைச் சொன்னால் அரசைக் கேள்வி கேட்க வேண்டிவரும். மாணவனைத் திட்டுவதில் அந்தத் தொல்லை கிடையாது.

அவர் துருப்புச்சீட்டாக இறக்குவது ஃபீட்பேக் படிவம். பெரும்பாலான மாணவர்கள் ‘மிக நன்று’ என்றுதான் குறித்திருக்கிறார்களாம். அதிருப்தி நாலு பேர் கிளப்பிவிடுவதாம். அந்தப் படிவம் எப்படி நிரப்பப்படுகிறது என்று கடைசி பெஞ்சில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். கம்ப்யூட்டர் லேபுக்கு வரிசையாகக் கூட்டிப்போவார்கள். ரெஜிஸ்டர் எண் போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கிளாஸ் அட்வைசர் முதுகுக்குப் பின்னால் உலாத்திக்கொண்டிருப்பார். “சீக்கிரம் முடிங்கப்பா, எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டு எந்திரிங்க” என்பார். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையின்படி தியரி பாடத்துக்கு அகமதிப்பீடு மட்டும் 40 மதிப்பெண். அந்த 40-ஐக் கையில் வைத்திருப்பவர் பின்னால் நிற்கும்போது எந்தப் பிள்ளை ‘மோசம்’ என்று குறிக்கும்? படிவத்தில் தெரிவது மாணவனின் திருப்தி இல்லை, பயம்.

கடைசியாக, கல்லூரிகளைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) தந்த தரச்சான்றைத் தூக்கிக் காட்டுகிறார். நல்ல தரம் பெற்றுத்தர லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் 2025 பிப்ரவரியில் சிபிஐ கைது செய்ததே, அந்தச் செய்தி வந்த நாளில் ஐயா வீட்டுக்குப் பேப்பர் வரவில்லை போலும்.

அடுத்த கட்டுரைக்கு அவருக்கு ஒரு வேலை தருகிறேன். தான் முதல்வராக இருந்த கடைசி ஆண்டின் கால அட்டவணையை அவர் வெளியிடட்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, காகிதத்தில் இருந்தவர் பெயரை ஒரு பத்தியிலும் வகுப்பில் நின்றவர் பெயரை இன்னொரு பத்தியிலும் போடட்டும். இரண்டாவது பத்தியை நிரப்ப அன்றைய மாணவர்கள் உதவுவார்கள். படித்து முடித்து வெளியே வந்துவிட்டவர்களின் 40 மதிப்பெண் இப்போது யார் கையிலும் இல்லை.