'சாரிட்டி'யா, 'லவ்'வா?



1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் முழுவதும் 'சாரிட்டி' என்னும் சொல்லே வருகிறது. 1881-இல் வந்த திருத்திய புதிய ஏற்பாட்டில் அவ்விடங்களிலெல்லாம் 'லவ்' என மாற்றினார்கள். கிரேக்க மூலத்தில் இருப்பது 'அகாபே' என்ற ஒரே சொல். தமிழில் நாம் அதை 'அன்பு' என்று வாசிக்கிறோம்.

'சாரிட்டி'யின் வேர் 'காரித்தாஸ்' என்னும் லத்தீன் சொல். ஆதியில் அன்பைக் குறித்த அது, நாளடைவில் தருமம் செய்வதையே குறிக்கலாயிற்று. அந்தப் பொருளில் மூன்றாம் வசனத்தை வாசித்தால் திகைப்பே மிஞ்சும். உள்ளதையெல்லாம் ஏழைகளின் பசிக்கு ஈந்துவிட்டவனிடம் 'சாரிட்டி' இல்லாமற்போவது எப்படி? அன்பு என்று வாசியுங்கள், விளங்கும். இருதயம் கொடாதிருக்கையிலும் கை கொடுத்துவிடக்கூடும்.

தொப்பம்பட்டியில் நாமும் பண்டிகைதோறும் அரிசியும் சேலையும் கொடுக்கிறோம். பெறுகிறவரை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது அன்புக்கு அடுத்ததல்ல என்பது என் கருத்து. அவருடைய வீட்டுக்கே சென்று, பெயர் சொல்லி நலம் விசாரித்து, உடன் அமர்ந்து ஜெபித்துக் கொடுப்போம். பெறுகிறவர் தலைகுனியாமல் பெறட்டும்.

அப்படிப்பட்ட அன்பினால் கர்த்தர் நம்மை நிரப்புவாராக. ஆமென்.