பழுதுற்ற வண்டியும் வாங்கினோர் வழக்கும்

நம் நாட்டில் புது வண்டி வாங்குவோர் அதன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே அதனைத் தெருவில் ஓட்டுதல் வழக்கம். அவ்வழக்கம் இல்லாத எம் போன்றார் வீடுகளில் வண்டியை ஆலய முற்றத்தில் நிறுத்திப் போதகரைக் கொண்டு ஜெபம் செய்விப்பர். இரண்டின் கருத்தும் ஒன்றே. அரும்பாடுபட்டுச் சேர்த்த பொருளைக் கொடுத்து வாங்கியது தம்மை நடுவழியில் கைவிடலாகாது என்பதே அது. அமெரிக்க நாட்டிலோ எலுமிச்சை என்னும் சொல் வேறொரு பொருளிலும் வழங்குகின்றது. புதிதாய் வாங்கியும், பலமுறை செப்பனிட்டும் திருந்தாத வண்டியை அந்நாட்டார் ‘எலுமிச்சை’ என்று இகழ்வர். அத்தகைய வண்டியைச் செய்தவரிடமே திருப்பித் தரும் உரிமையை வழங்கும் சட்டத்திற்கும் ‘எலுமிச்சைச் சட்டம்’ என்றே பெயர் வழங்குகின்றது. நம் நாட்டில் எலுமிச்சம்பழம் உண்டு. எலுமிச்சைச் சட்டம் இல்லை. அஃது இல்லாமையால் துன்புறுவார் யாவர், அத்துன்பத்தை நீக்கும் வழி யாது என்பனவே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தவை.

யாம் வாழும் புழல், பண்டைத் தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்றற்குப் பெயர் தந்த ஊர். இன்று வெளியூரார் அதனை ஏரியைக் கொண்டும் சிறைச்சாலையைக் கொண்டும் அறிவர். அவ்வூரிலேயே வாழ்வாரோ நெடுஞ்சாலையைக் கொண்டும், அதன்மேல் இரவும் பகலும் ஓயாது ஓடும் வண்டிகளைக் கொண்டுமே அதனை அறிவர். செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து மூட்டை ஏற்றி வருவனவும், சென்னைத் துறைமுகத்திற்கும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கும் கண்டெய்னர் சுமந்து செல்லுவனவும், காய்கறியும் தண்ணீர்க் கேனும் ஏற்றிச் சந்துதோறும் புகுவனவும் எனப் பலதிறத்தன அவ்வண்டிகள். அவை பிறக்கும் இடங்களும் தொலைவில் இல்லை. எண்ணூரில் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலை உள்ளது. திருவொற்றியூரில் 1950-களில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினர். வண்டியைச் செய்வாரும், ஓட்டுவாரும், செப்பனிடுவாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் பகுதி இவ்வடசென்னை. ஆதலின் இப்பொருள் பற்றி எழுத எம்மூரார்க்கு ஓர் உரிமை உண்டென்று கருதுகின்றோம்.

ஓட்டுநர் ஒருவரை மனத்திற்கொள்வோம். பத்தாண்டு பிறர் வண்டியை ஓட்டியவர் அவர். மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, எஞ்சியதற்குப் பைனான்ஸ் கம்பெனியில் கடன் பெற்று, சொந்தமாய் ஒரு லோடு வண்டி எடுக்கின்றார். இரண்டாம் மாதமே எஞ்சின் சூடேறி வண்டி வழியில் நிற்கின்றது. சர்வீஸ் சென்டரில் விட்டால் பத்து நாள் கழித்துத் தருகின்றனர்; அது மீண்டும் நிற்கின்றது. இவ்வாறு நான்கு முறை நிகழின் நாற்பது நாள் வருவாய் போயிற்று. வண்டி நிற்கலாம்; மாதந்தோறும் கட்டவேண்டிய டியூ நிற்பதில்லை. வாடிக்கைக்காரரும் வேறு வண்டியை அமர்த்திக்கொள்வர். ஐந்தாம் முறை அவர் ஷோரூமுக்குச் சென்று, ‘இவ்வண்டி எனக்கு வேண்டா, வேறு தருக, அன்றேல் பணத்தைத் தருக’ என்று கேட்பாராயின், ‘வாரண்டியில் பாகத்தை மாற்றித் தருவோம், வண்டியை மாற்றித் தருவதில்லை’ என்னும் விடையைக் கேட்டுத் திரும்புதலே பெரும்பாலும் நிகழ்வது.

பழங்காலத்து வாணிகத்தில் வஞ்சகம் பெரும்பாலும் நிறையிலும் அளவிலுமே நிகழ்ந்தது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுங்கால், கொடுக்கல் வாங்கல் இரண்டிலும் அளவு தவறாமையையே அவர்தம் சிறப்பாகக் கூறுகின்றது. நெல்லை முகந்து பார்க்கலாம். பொன்னை உரைத்துப் பார்க்கலாம். மாட்டைப் பல்பிடித்தும் நடக்கவிட்டும் பார்க்கலாம். எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கும் பழுதை வாங்குவோன் எக்கண்ணால் காண்பான்? ‘வாங்குவோனே விழித்திருக்க’ என்ற பழைய ஆங்கிலேயச் சட்ட நெறி, கண்ணால் கண்டு தெளியத்தக்க பொருளுக்கு ஏற்றது. மோட்டார் வண்டிக்கு ஏற்றதன்று.

இவ்வுண்மையை உலகம் மெல்ல மெல்லவே உணர்ந்தது. 1916-ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாநிலத்து உயர்ந்த நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவுற்றது. பியூக் கம்பெனியார் செய்த காரின் மரச்சக்கரம் ஓடும்போதே நொறுங்கி, உள்ளிருந்தவர் காயமுற்றார். அவர் காரை வாங்கியது ஒரு வியாபாரியிடம்; ஆதலின் தமக்கும் அவருக்கும் உடன்படிக்கை யாதும் இல்லை என்று கம்பெனியார் வாதித்தனர். நீதிபதி கார்டோசோ அவ்வாதத்தை ஏற்றிலர். பொருளைச் செய்தவர், அதனைப் பயன்படுத்துவோர்க்குக் கடமைப்பட்டவர் என்று தீர்த்தார். நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், குறித்த பயனுக்கென்று கேட்டு வாங்கிய பொருள் அப்பயனுக்குத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்ற நெறியைச் சில வரம்புகளுக்கு உட்படுத்தி ஏற்றது. 1986-ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. பழுதை நீக்குக, பொருளை மாற்றித் தருக, விலையைத் திருப்பித் தருக, இழப்பீடு தருக என்று கட்டளையிடும் அதிகாரம் இச்சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு உண்டு.

வண்டியை வைத்துப் பிழைப்பவர் வணிகர் ஆவரேயன்றி நுகர்வோர் ஆகார் என்று சிலர் கூறுவர். அது பிழை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் எதிர்தரப்பாயிருந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுபடுத்திற்று. ஆட்டோ ரிக்ஷாவை வாங்கித் தாமே வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரும், லாரியை வாங்கித் தாமே சரக்கேற்றி ஓட்டுபவரும் நுகர்வோரே என்பது அத்தீர்ப்பில் காணும் விளக்கம். பல வண்டிகளை வாங்கி ஆள் வைத்து ஓட்டும் முதலாளியின் நிலை வேறு. தம் கையால் தம் வயிற்றைக் கழுவுவோர்க்கு ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கின்றது.

கதவு திறந்திருப்பினும் உள்ளே ஒரு பெருஞ்சுமை காத்திருக்கின்றது. வண்டி நின்றது என்று காட்டினால் மட்டும் அதனை மாற்றித் தரும் கட்டளை கிடைத்துவிடாது. அது உற்பத்தியின்போதே அமைந்த பழுது என்று மெய்ப்பித்தல் வேண்டும். மாருதி உத்யோக் நிறுவனத்தார் தொடுத்த மேல்முறையீட்டில் 2006-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் பழுதுற்ற பாகத்தை மாற்றித் தருவதே சொல்லப்பட்டிருத்தலின், வண்டி முழுவதையும் மாற்றித் தரவேண்டும் என்ற கட்டளை பொருந்தாது என்று தீர்த்தது. பியட் நிறுவனத்தின் மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் 2010-ஆம் ஆண்டிலும், உற்பத்திப் பழுது இருந்தாலன்றி மாற்று வண்டி கேட்டல் இயலாது என்னும் நெறியே கூறப்பட்டது. பழுதைச் சோதனைக்கூடத்திற்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்திற்கு உண்டு. ஆயின் அச்சோதனைக்குரிய கட்டணத்தை வழக்காடுவோரே முன்கூட்டிக் கட்டுமாறு கேட்கவும் சட்டம் இடந்தருகின்றது. டியூ கட்ட வழியில்லாதவன் சோதனைக்கூடத்திற்கு எதைக் கொண்டு கட்டுவான்? வரைபடமும், சோதனைக் கணக்கும், பாகங்களின் வரலாறும் கம்பெனியின் பெட்டியில் உள்ளன. மெய்ப்பிக்கும் கடமையோ ஓட்டுநர் தலையில் உள்ளது. இதுவே யாம் காணும் முறைகேடு.

நீதிமன்றமே இம்முறைகேட்டை உணர்ந்த இடமும் உண்டு. மோதலின்போது காற்றுப்பை விரியாமையால் காயமுற்ற ஒருவர் ஹூண்டாய் நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், 2022-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவர்க்குச் சார்பாகவே தீர்ப்புரைத்தது. வேகத்தையும் விசையையும் கொண்டு மோதலின் அளவைக் கணக்கிட வாங்கினோர் இயற்பியல் வல்லுநராய் இருத்தல் வேண்டுமென எதிர்பார்க்கலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். காற்றுப்பைக்குப் பொருந்தும் இந்நியாயம் எஞ்சினுக்கும் கியருக்கும் பொருந்தாதா? பொருந்தும் என்பதே எம் துணிபு. ஆயினும் வழக்குதோறும் நீதிபதியின் நல்லெண்ணத்தை எதிர்நோக்கி நிற்பதினும், சட்டமே அதனை வகுத்துரைத்தல் நன்று.

வகுத்த நாடுகள் உள. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-ஆம் ஆண்டில் முதல் எலுமிச்சைச் சட்டத்தை இயற்றிற்று. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அச்சட்டங்களின் திறம் எண்ணிக்கையில் இருக்கின்றது. ஒரே பழுதிற்கு நான்கு முறை பார்த்தும் தீராதாயின், அல்லது வண்டி மொத்தம் 30 நாள் பணிமனையில் கிடந்ததாயின், அது திருந்தாத வண்டி என்றே கொள்ளப்படும் என்பது அவற்றுள் பெரிதும் வழங்கும் அளவு. நம் தமிழ் மக்கள் தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் வேறொரு முறை வழங்குகின்றது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்திற்குள் தோன்றும் பழுது, கொடுக்கும்போதே இருந்த பழுது எனக் கொள்ளப்படும். அன்றென்று காட்டுதல் விற்றவர் கடமை. இவ்விரு முறைகளிலும் ஏழை ஓட்டுநர்க்கு வேண்டுவது வல்லுநர் சான்றன்று. நாட்களை எண்ணத் தெரிந்தால் போதும்.

இதனை மறுப்பார் கூறுவன இரண்டு. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியும், எண்ணெய் மாற்றாமலும், தெருவோர மெக்கானிக்கிடம் காட்டியும் வண்டியைக் கெடுத்துவிட்டுக் கம்பெனியைக் குறை கூறுவோர் உளர் என்பது ஒன்று. உளர்; எம்மூர்ச் சாலையில் நிற்பார் எவரும் அதனை மறுக்கமாட்டார். ஆயின் யாம் வேண்டுவது மறுக்கவொண்ணாத தீர்ப்பு அன்று. மறுத்துக் காட்டத்தக்க ஊகமே. பாரத்தால் கெட்டதென்று கம்பெனியார் காட்டுவாராயின் அவர் வெல்லட்டும். அதனைக் காட்டும் கருவியும் கல்வியும் அவரிடமே உள்ளன. இச்சட்டத்தால் வண்டி விலை ஏறும் என்பது மற்றொன்று. 1970-ஆம் ஆண்டில் ஜார்ஜ் அகெர்லாப் என்னும் பொருளாதார அறிஞர் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி ஓர் ஆராய்ச்சி எழுதினார். 2001-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். விற்பவன் பழுதை அறிந்தும் வாங்குவோன் அறியாதும் இருக்கும் சந்தையில், தீய பொருள் நல்ல பொருளை வெளியே துரத்தும் என்பது அவர் கண்ட முடிவு. ஆதலின் செம்மையாகச் செய்யும் கம்பெனிக்கு இச்சட்டம் காவலேயன்றிப் பகையன்று.

இந்தியச் சட்டத்திற்கு இக்கருத்து முற்றிலும் புதிதும் அன்று. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110அ பிரிவு, மக்களுக்கோ சுற்றுப்புறத்திற்கோ தீங்கு விளைக்கத்தக்க பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு அரசாங்கம் கட்டளையிட இடந்தருகின்றது. அங்ஙனம் அழைத்தால் விலையைத் தருதலோ, வேறு வண்டி தருதலோ, செப்பனிடுதலோ செய்தவர் கடமை. தொகுதியாய் வரும் ஆபத்துக்கு இந்நீதி உண்டாயின், ஆபத்து விளைக்காமல் வெறுமனே நின்று ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கும் வண்டிக்கு ஏன் இல்லை? நுகர்வோர் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, முதல் ஆண்டிற்குள் எத்தனை முறை, எத்தனை நாள் என வரையறுத்தல் அரிய செயலன்று.

அப்பிரிவு வருமளவும் ஓட்டுநர்க்குத் துணையாவது காகிதமே. பழுது தோன்றும்போதெல்லாம் ஜாப் கார்டில் அப்பழுதை எழுதுவித்து, வண்டியை விட்ட நாளும் எடுத்த நாளும் குறித்த நகலைக் கேட்டு வாங்குக. ‘ஜெனரல் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதினால் கையெழுத்திடற்க. கம்பெனிக்கும் விற்பனையாளர்க்கும் எழுத்து மூலம் அறிவித்து, இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க. வழக்குக்கு ஏது பிறந்த நாளிலிருந்து இரண்டாண்டிற்குள் மனுச் செய்க. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாயே. தாம் வாழும் இடத்து ஆணையத்திலேயே தொடுக்கலாம். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிக்கவும் செய்யலாம். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முதல் அறிவுரை கிடைக்கும்.

ஈண்டுத் தமிழ் பயில்வார் என்ற முறையில் எமக்கு ஒரு வருத்தம் உண்டு. நாம் பார்த்த வாரண்டிப் புத்தகங்களும் ஜாப் கார்டுகளும் ஆங்கிலத்திலேயே இருந்தன. தமிழ்நாட்டில் செய்து தமிழ்நாட்டில் விற்கும் வண்டிக்கும் நிலை அதுவே. தன் உரிமை எழுதப்பட்ட தாளைப் படிக்க இயலாதவனிடம் கையெழுத்து மட்டும் வாங்குதல் நேர்மையன்று. அவற்றைத் தமிழில் தருதல் வேண்டுமென்று அரசாங்கத்தை வற்புறுத்தல் தமிழன்பர் அனைவரும் செய்யத்தக்க தொண்டு. அதுவரை நம் கல்லூரி மாணவர் வாரத்தில் ஒரு மாலை வடசென்னை வண்டி நிறுத்தங்களுக்குச் சென்று அத்தாள்களைப் படித்துச் சொல்லலாம். மனு எழுதித் தரலாம். நம் பழைய மாணவருள் வழக்கறிஞராயுள்ள பெரியோர் அவற்றைத் திருத்தித் தந்து வழிகாட்டுவாராயின், நாம் கற்ற தமிழுக்கும் அவர் கற்ற சட்டத்திற்கும் அதனினும் தக்க பயன் வேறு யாது?