பொதிக்குள் வரும் பொம்மை

பெரும்போக அறுவடைப் பணம் கைக்கு வந்ததும், பிள்ளையின் பிடிவாதத்திற்கு இணங்கி இணையத்தில் பொம்மை வாங்கும் பழக்கம் வவுணதீவையும் விட்டுவைக்கவில்லை. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இதே கதைதான்.

ஹொங்கொங் ஓவியர் கசிங் லுங் படைத்த லபுபு பொம்மை 2025 இல் உலகெங்கும் பிரபல்யமடைந்தபோது போலிகளும் பெருகின. அவற்றின் சிறு பாகங்கள் கழன்று குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடுமென அமெரிக்க நுகர்வோர் உற்பத்திப் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழு அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் எச்சரித்தது.

போலியென்றால் மலிவு என்றே நாம் எண்ணுகின்றோம். ஆனால், 'சிலவே எஞ்சியுள்ளன' என்ற வாசகத்துடன் அசலின் விலைக்கும் மேலாகக் கேட்போர் உளர். தயாரிப்பாளரான பொப் மார்ட் நிறுவனத்தின் இணையத்தளத்தில் விலையை ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடங்களே போதும். அசலுக்கு ஒன்பது பற்களாம். எண்ணுவதற்குப் பொதியைப் பிரிக்க வேண்டுமே! பணம் செலுத்திய பின்னர்தானே அது கைக்கு வருகின்றது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. எனினும் யாருக்கெதிராக முறையிடுவது? வலையிறவுப் பாலம் கடந்து நகரில் வாங்கினால் கடைக்காரரையாவது மறுநாள் கேட்கலாம். முகவரியோ பற்றுச்சீட்டோ தராதவரிடம் வாங்காதிருப்பதே தற்போதைக்கு நமது பாதுகாப்பு. விற்பனையாளரின் பெயரும் முகவரியும் இல்லாத பொதிகளை விநியோக நிறுவனங்கள் ஏற்கலாகாதென உரிய தரப்பினர் விதி செய்ய வேண்டுமென்பதே எமது கோரிக்கையாகும்.