மலிவுக் காரும் எல்லைக் கோடும்

குன்னத்துகாலிலிருந்து நாள்தோறும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குச் செல்லும் அன்பர்கள், பழைய கார் வாங்கலாமா என்று வினவுகின்றனர். தாராளமாக வாங்கலாம். மாருதி 800 போன்ற சிறு வண்டி நம் குறுகிய, ஏற்ற இறக்கமுள்ள சாலைகளுக்கு ஏற்றது. எடை குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. ஓட்டுவதில் ஓர் உல்லாசமும் உண்டு. (ரயில்வேக்காரன் காரைப் புகழலாமா என்று கேட்காதீர்கள்!) ஆனால் அதன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். பின்னர் வண்டியைப் பரிசோதனைக்கு விட்டு, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022-இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. ஆகவே பெயிண்டின் பளபளப்பைப் பார்க்குமுன் ஆர்.சி. புத்தகத்தின் தேதியைப் பாருங்கள்.

மார்த்தாண்டத்தில் விலை சல்லிசு என்று எல்லை தாண்டுவோரும் உளர். தமிழ்நாட்டு எண்ணுள்ள வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி கேரள எண் பெற்றாக வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். கேரள வரியும் கட்ட வேண்டும். இவற்றையும் கூட்டிப் பார்த்தால் சல்லிசு எங்கே? பாறசாலைப் பக்கத்திலேயே கேரள எண்ணுள்ள வண்டிக்குச் சில ஆயிரம் கூடக் கொடுப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். விற்பவரின் வங்கிக் கடன் ஆர்.சி.யிலிருந்து நீக்கப்பட்டுள்ளதா என்பதையும் முன்பணம் கொடுக்குமுன் பார்த்துக்கொள்க.